கதவுச் சட்டமும் காடியும்

திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டவுடன் மலைக்கோட்டையும் பூட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. கைத்திறத்தாற் செய்யப்பெறும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும், பூட்டின் வலிமை அதனைத் தாங்கும் கதவின் வலிமையை விஞ்சுவதில்லை. நாதாங்கி அறைந்த சட்டம் பிளந்துவிடின் எத்துணைச் சிறந்த பூட்டும் பயனற்றதே. ஆகவே, பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரைச் சார்ந்த நாம், கதவு செய்யும் கலையில் ஒரு சிறு பாடத்தையேனும் அறிந்திருத்தல் தகும்.

சட்டக்கதவில் இரண்டு நெடுஞ்சட்டங்களும் சில குறுக்குச்சட்டங்களும் நாக்கும் துளையுமாக இணைக்கப்பெறும். அவற்றின் உள்விளிம்பில் ஓடும் நீண்ட பள்ளமே காடி. நடுப்பலகையின் ஓரம் அக்காடியினுள் அமர்ந்திருக்கும். பலகையைப் பசையிட்டோ ஆணியடித்தோ இறுக்கிவிடலாகாதா எனின், ஆகாது. மரம் நீளவாக்கிற் பெரும்பாலும் மாறுவதில்லை. அகலவாக்கிலோ ஈரத்தால் விரிந்து வறட்சியாற் சுருங்கும். நமது சமவெளியிற் கோடை வெயில் மரத்தை உலர்த்தும். ஐப்பசி கார்த்திகை மழை அதனை மீண்டும் விரிக்கும். இறுக்கிய பலகை கோடையில் வெடிக்கும். மாரியிற் சட்டத்தின் மூட்டுகளை நெக்கிப் பிரிக்கும். பலகையைப் பிடித்தும் அது அசைய இடங்கொடுத்தும் நிற்பதே காடியின் பயன்.

முன்னாளிற் காடியை இழைப்புளியாலும் உளியாலும் எடுத்தனர். இக்காலத்தில் ரூட்டர் மேசை அவ்வேலையை விரைவிற் செய்கிறது. மேசைப் பலகையின் அடியில் ரூட்டர் இயந்திரம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் வெட்டலகாகிய பிட் மேலே எட்டிப் பார்க்கும். பிட்டின் பின்புறம் நேர்சட்டம் ஒன்று நிற்கும். இதனை அணைசட்டம் என்போம். மரத்தை அதன்மீது சார்த்தித் தள்ளினாற் காடி நேராக விழும்.

ஓர் உதாரணம் கூறுவேன். சட்டத்தின் கனம் 36 மில்லிமீட்டராயின், காடியின் அகலம் அதில் மூன்றிலொரு பங்காகிய 12 மில்லிமீட்டர், ஆழமும் அவ்வளவே. இவ்வாழத்தை ஒரே முறையில் வெட்ட முயல்வது பேதைமை. ஒரு முறைக்கு 3 மில்லிமீட்டராக நான்கு முறை செலுத்துக. அவசரப்பட்டால் பிட் சூடேறி மரத்தைக் கரிக்கும். தேக்கிலுள்ள சிலிக்கா எஃகு முனையை விரைவில் மழுக்குமாதலால், கார்பைடு முனையுள்ள பிட்டே நன்று. சட்டங்களுக்கிடையே 300 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பின், பலகையின் அகலம் 324 அன்று, 318 ஆகட்டும். பக்கத்திற்கு 3 மில்லிமீட்டராக விட்ட இடமே மழைக்காலத்திற்கு நாம் வைக்கும் வைப்பு.

பிட்டின் தண்டை உட்செலுத்தியபின் சிறிது மேலே இழுத்து, அதன்பின்னரே முடுக்குதல் வேண்டும். அடியில் முட்டிய தண்டு நன்கு இறுகாது. பிட்டை மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுக. வேகத்தையும் நோக்குக: 25 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பிட்டுகள் நிமிஷத்திற்கு 24,000 சுற்று வரை தாங்கும், பலகையோரம் மெலிக்கும் 75 மில்லிமீட்டர்ப் பெரும் பிட்டுக்கு 12,000 சுற்றே போதும்.

அடுத்து, தள்ளும் திசை. மேலிருந்து நோக்கின், மேசையிலுள்ள பிட் இடஞ்சுழியாகச் சுழலும். ஆதலின் மரத்தை வலத்திலிருந்து இடத்திற்கே செலுத்துக. அப்பொழுது பிட் மரத்தை எதிர்ப்பதோடு அணைசட்டத்தை நோக்கியும் அழுத்தும். மாறாகச் செலுத்தின் மரத்தைப் பறித்துக்கொண்டு போகும். விளிம்பு வெட்டுகையில் பிட்டுக்கும் அணைசட்டத்திற்கும் நடுவே மரத்தை ஒருபோதும் நுழைக்கலாகாது. பயிலத் தொடங்கிய நாளில் யான் ஒரு சிறு துண்டை இடத்திலிருந்து வலத்திற்குத் தள்ளினேன். அது கையினின்றும் பறந்து சுவரில் மோதிற்று; விரல் தப்பியது என் திறத்தால் அன்று. அன்றுமுதல் சிறு துண்டுகளைத் தள்ளுகட்டையாலன்றிக் கையால் தள்ளுவதில்லை. மேல்துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் கையுறையும் இவ்வேலைக்கு ஆகா. கண்ணாடியும் செவிமூடியும் இன்றியமையாதன.

இறுதியாக இரண்டு குறிப்புகள். அதே கனமுள்ள கழிவுத்துண்டில் முதலில் வெட்டிப் பார்க்க. அதனைத் திருப்பிப் பிட்டின்மேல் வைத்தால், காடி நடுவில் உள்ளதா எனத் தெரியும். பின்பு எல்லாச் சட்டங்களின் முன்முகத்திலும் பென்சிலாற் குறியிட்டு, அம்முகத்தையே அணைசட்டத்தோடு சேர்த்துத் தள்ளுக. காடி மயிரிழை விலகினும் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் விலகும்; மூட்டுகள் பொருந்தும். நான்கு ஓரமும் உருட்ட வேண்டின், முதலில் நாருக்குக் குறுக்கான முனைகளை வெட்டி, பின்னரே நீள்விளிம்புகளை வெட்டுக. முனையிற் பிய்ந்த சிம்பு நீள்வெட்டில் மறைந்துவிடும்.

இயந்திரம் வேகத்தைத் தரும். மரத்தின் இயல்பை அறியும் அறிவைத் தராது. அவ்வறிவு நம்மூர்த் தச்சரிடம் உளியோடும் இழைப்புளியோடும் வளர்ந்தது. மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஒரு நாள் அவர் பட்டறைக்குச் சென்று, பழைய கதவொன்றின் காடியைத் தடவிப் பாருங்கள். எத்தனை கோடைக்கும் மாரிக்கும் அது இடங்கொடுத்து நின்றது என்பதை உங்கள் விரலே உணரும்.