தேர்வு வாரத்தின் சிறு வெற்றிகள்

அந்தமான் தீவுகளில் பொழுது விரைவில் புலர்ந்துவிடுகிறது. தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் இருந்தாலும், கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவான நேரத்தையே காட்டுகிறது. ஆதலால் மே மாதத்தில் காலை 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும்; நவம்பர் இறுதியில் மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். பருவத்தேர்வுகளும் பெரும்பாலும் இவ்விரு காலங்களை ஒட்டியே வருகின்றன. முன்னிரவில் எவ்வளவு முயன்றும் விளங்காத ஒரு பகுதியை, மாணவன் இந்த விடியற்பொழுதில் மீண்டும் எடுக்கிறான், விளங்கிவிடுகிறது. பிறரிடம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய செய்தியன்று. ஆயினும் அன்றைய தேர்வை எதிர்கொள்ளும் தெம்பை அதுவே தருகிறது.

போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் 1967-இல் தொடங்கப்பெற்றது. கார் நிகோபார், கேம்ப்பெல் பே போன்ற தொலைதூர இடங்களின் பிள்ளைகள் கப்பலேறி வந்து, தலைநகரில் தங்கிப் படிக்க வேண்டும். அவர்கள் நெடுங்காலம் எழுதி வந்தவை கடலுக்கு அப்பாலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேரும்வரை இணையமும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. பழைய வினாத்தாள் ஒன்று தடையின்றி முழுமையாக வந்து சேர்ந்தாலே அது ஒரு வெற்றிதான்!

வீட்டார் கடன்பட்டுப் படிக்க வைக்கும் மாணவனுக்குத் தேர்வு வாரம் விளையாட்டன்று. முடிவு எப்படி இருக்குமோ என்ற அச்சம் படிக்கும் நேரத்தையே தின்றுவிடுகிறது. முடிவு அவன் கையில் இல்லை. அது வாரங்கள் கழித்து வரும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை சிறியவை: ஒரு சூத்திரம், ஒரு வரைபடம், பிழையின்றி முடிந்த ஒரு கணக்கு. இவற்றில் மகிழத் தெரிந்தவன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான். தெரியாதவன் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தே சோர்ந்துபோகிறான்.

ஆனால் இம்மகிழ்ச்சிகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர்கள் படித்ததை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்களிடமே பாடம் தங்கியிருந்தது. அத்துடன், பாடம் தம்மிடம் தங்கிவிடும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பப் படித்தவர்களே.

மாணவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுவே. கண்ணுக்குப் பழகிய பக்கம் "எனக்குத் தெரியும்" என்ற இனிய மயக்கத்தைத் தருகிறது. புத்தகத்தை மூடியதும் வரும் தவிப்பு கசக்கத்தான் செய்யும். அந்தத் தவிப்பினூடே, மறந்துவிட்டதாக எண்ணிய மூன்றாவது காரணம் திடீரென நினைவில் எழும் கணம் இருக்கிறதே, அந்த ஆனந்தம் நம்பத்தக்கது. நினைவுக்கு வராதது எதுவோ அதுவும் பயனுள்ளதே. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டுமென்று அது காட்டிவிடுகிறது. இரவெல்லாம் விழித்தேன் என்ற பெருமையோ விடைத்தாளில் ஒரு வரியும் எழுதித் தராது. நேரத்தில் உறங்கியெழுவதையும் சிறு வெற்றிகளின் கணக்கில் சேர்க்கலாம்.

அதே நகரில் செல்லுலார் சிறையும் இருக்கிறது. 1930-களில் அங்கு அடைக்கப்பட்ட புரட்சியாளர்களில் பலர் கல்லூரிப் படிப்பை விட்டுவந்த இளைஞர்கள். 1933 மே மாதம் அவர்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். இரவில் விளக்கு, படிக்க நூல்கள் ஆகியவையும் அவர்களது கோரிக்கைகளில் இருந்தன. வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர். 46 நாள் கழித்து நோன்பு முடிந்தது. விளக்கும் நூல்களும் கிடைத்தன. அதன்பின் கைதிகள் தமக்குள் வகுப்புகளை ஏற்படுத்திக்கொண்டு வரலாறும் பொருளியலும் அரசியலும் பயின்றனர். கற்றவர் கல்லாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ்வகுப்புகளுக்குத் தேர்வு இல்லை, பட்டம் இல்லை; விடுதலை எப்போது என்றும் எவருக்கும் தெரியாது. விளக்கு எரிந்த நேரமெல்லாம் அவர்கள் படித்தார்கள்.