நர்ஸ் படிப்பு: பணம் கட்டும் முன்னும், பரீட்சைக்கு முன்னும்



"மகள் நர்சிங் படிப்புச் செலவு" என்று எழுதிய கடன் மனுக்கள் இப்போது நம் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. கேட்க சந்தோஷம்தான். ஆனால் ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு அக்கா குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் மகளைச் சேர்த்தார். ஒரு வருடத்தில் வெள்ளை யூனிபார்ம், போட்டோ, சான்றிதழ் எல்லாம் கிடைத்தன. அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தவணை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது. கடன் கொடுத்த கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். நாங்களும் கேட்கவில்லை.

நர்ஸாக வேலை பார்க்க, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்துத் தேறியவருக்குத்தான் அந்தப் பதிவு. ஏ.என்.எம். படிப்பு இரண்டு வருடம், பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று 'நர்சிங்' சொல்லிக்கொடுக்கும் இடத்தில், "இதை முடித்தால் கவுன்சிலில் பதிவு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஏ.என்.எம். இரண்டாம் வருடம். பரீட்சைக்கு வீட்டில் தயார் செய்வதைப் போய்ப் பார்த்தோம். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனாலும் மகளுக்குப் பரீட்சை வைப்பவர் அவர்தான்!

ஒரு கணக்கு பாருங்கள். 500 மில்லி குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். செட்டில் ஒரு மில்லிக்கு 20 துளி. மொத்தம் 10,000 துளி. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 42 துளி. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு மகள் எண்ணுகிறாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்து "நிமிசம் ஆச்சு" என்கிறார். 42 வரும்வரை மகள் குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள்.

மருந்துக் கணக்கில்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். டாக்டர் எழுதியது 125 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருக்கிறது. கொடுக்க வேண்டியது இரண்டரை மில்லி. அவசரத்தில் 5 மில்லி ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். மார்க் போவது அப்புறம்.

பிரசவத் தேதிக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும். ஜூன் 10 என்றால் மார்ச் 17. இதைக் கேட்டதும் அம்மா, "நாங்க பத்து மாசம்னுல்ல சொல்லுவோம்?" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் 280 நாள். புத்தகத்தில் இருப்பதும் அதே 280தான்.

தடுப்பூசி இடங்களை மகள் தம்பி உடம்பில் தொட்டுக் காட்டிப் படிக்கிறாள். பி.சி.ஜி. இடது மேல் கை, தோலுக்குள். பென்டாவேலன்ட் இடது தொடை, தசையில். எம்.ஆர். வலது மேல் கை, தோலுக்கு அடியில். ஒவ்வொரு முறையும் முதலில் கை கழுவுவது போல் செய்து காட்ட வேண்டும். மறந்தால் அம்மா, "கை கழுவினியா?" என்று மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொல்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு நர்சிங் கடன் மனு கொண்டு வருபவர்கள், பள்ளியின் அங்கீகாரக் கடிதம் ஜெராக்ஸ் ஒன்று சேர்த்துக் கொண்டு வரவும்.