கல்லும் கதை சொல்லும்
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

தபால் தலை சேர்ப்போர் உண்டு. நாணயம் சேர்ப்போர் உண்டு. பறவை இறகு சேர்ப்போரும் நம் வகுப்பிலேயே உண்டு. ஆனால் “நான் கல் சேர்க்கிறேன்” என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் ஒரு முறை ஜியோலைட் படிகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால், அதன்பின் சிரிக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

புனே நகரில் வேலை பார்க்கும் என் மாமா, சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு மிட்டாய் டப்பாவில் 5 கற்களைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. சீட்டுகள் அழுக்கேறி இருந்தன. நானோ சுத்தத்தை விரும்புபவள். சீட்டுகளை அறுத்தெறிந்துவிட்டு, கற்களைச் சோப்பு நீரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அன்று நான் செய்த தவறு எத்தகையது என்பதைக் கட்டுரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

ஜியோலைட் என்றால் என்ன?

நிக்கல் உலோகத்தைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட், 1756-ஆம் ஆண்டில் ஒரு கனிமத்தைத் தட்டார் வைத்திருப்பது போன்ற ஊதுகுழலால் சூடாக்கினார். அக்கல் நுரைத்துக் கொதித்தது! கல்லுக்குள் இருந்த நீர் ஆவியாகி வெளிவந்ததே அதற்குக் காரணம். எனவே அவர் கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ எனப் பொருள்படும்படி ஜியோலைட் என்று பெயரிட்டார். அது ஒரே கல்லின் பெயர் அன்று. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்.

சிலிக்கன், அலுமினியம், ஆக்ஸிஜன் ஆகிய அணுக்கள் கைகோத்து நின்று, தேன்கூடு போன்ற ஓர் அமைப்பைக் கட்டுகின்றன. அதன் நுண்ணிய அறைகளில் நீரும், சோடியம், கால்சியம் போன்றவையும் குடியிருக்கின்றன. சூடாக்கினால் நீர் வெளியேறும். ஆறினால் பல ஜியோலைட்டுகளில் நீர் மீண்டும் உள்ளே புகும். வீட்டார் வந்து போனாலும் வீடு இடியாமல் நிற்பதைப் போன்றது இது.

எங்கே, எப்படி உண்டாயின?

உலகின் மிக அழகான ஜியோலைட் படிகங்கள் பல நம் பாரத நாட்டில், மகாராஷ்டிர மாநிலத்தில் புனே, நாசிக், ஜல்காவ் முதலிய பகுதிகளில் கிடைக்கின்றன என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியாகும். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பூமியில் பிளவுகள் ஏற்பட்டு, பாறைக் குழம்பு அலை அலையாகப் பொங்கிப் பரவியது. அதுவே தக்காணப் பீடபூமியின் கரும்பாறையான பசால்ட். இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது.

ஆப்பம் வேகும்போது மாவில் குமிழிகள் தோன்றி, ஓட்டைகளாகவே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே பாறைக் குழம்பிலிருந்த வாயுக்களும் குமிழிகளை விட்டுச் சென்றன. பிற்காலத்தில் பாறையின் ஊடே கசிந்த வெதுவெதுப்பான நீர், கனிமப் பொருள்களைக் கரைத்துக் கொணர்ந்து அந்த வெற்றறைகளில் படியவிட்டது. ஒருவரும் காணாத இருளில், மிக மெதுவாகப் படிகங்கள் வளர்ந்தன.

நம் ஊர்ப்பக்கம் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்கலாம். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னகைட் போன்ற பாறைகள் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றில் குமிழிக்கு ஏது இடம்?

மகாராஷ்டிரத்தில் சாலைக்கு ஜல்லி உடைக்கும் குவாரிகளிலும், கிணறு தோண்டும் இடங்களிலும் இவை வெளிப்படுகின்றன. கல்லுடைக்கும் தொழிலாளி ஒரு நொடி கவனித்து எடுத்து வைத்தால் அது அருங்காட்சியகத்துக்குப் போகும். கவனியாவிட்டால் ஜல்லியோடு ஜல்லியாகும். நாசிக்கை அடுத்த சின்னரில் உள்ள ‘கார்கோட்டி’ அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களை நிறையக் காணலாம்.

இனம் காண்பது எப்படி?

ஸ்டில்பைட்: நடுவில் கட்டி, இரு முனையும் விரிந்த கதிர்க்கட்டுப் போல் இருக்கும். வெள்ளை அல்லது வெளிர் ரோஜா நிறம். முத்துப் போன்ற பளபளப்பு.

ஸ்கோலசைட்: ஓரிடத்திலிருந்து விசிறியாகப் புறப்படும் வெண்மையான ஊசிகள்.

சபசைட்: சற்றே சாய்ந்த கனசதுரம் போன்றது.

இவற்றோடு சேர்ந்து, ஜியோலைட் குடும்பத்தைச் சேராத உறவினரும் அதே குழியில் வாழ்வதுண்டு. கண்ணாடி போன்ற அபோபிலைட், பஞ்சு உருண்டை போன்ற ஒகனைட் ஆகியவை அத்தகையன.

ஸ்படிகக் கல்லான குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், ஸ்டில்பைட் கீறாது. கால்சைட் அமிலம் பட்டால் பொங்கும். ஸ்டில்பைட் அவ்வாறு பொங்காது. ஆனால் அமிலச் சோதனையை ஆசிரியை முன்னிலையில், உதிர்ந்த ஒரு துணுக்கில் மட்டுமே செய்க. சில ஜியோலைட்டுகள் அமிலத்தில் கூழாகிவிடும்.

பாதுகாக்கும் முறை

1. ஊசிப் படிகங்களைப் பஞ்சில் வைக்கக்கூடாது; இழைகள் சிக்கி ஊசிகள் முறியும்.
2. வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது. லாமோன்டைட் என்னும் வகை நீரை இழந்து வெளுத்து, பொடியாய் உதிரும்.
3. தூசியை ஊதித்தான் போக்க வேண்டும். ஒகனைட்டைத் தொடவே கூடாது.
4. கல்லின் அடிப்புறத்தில் சிறு வெள்ளைப் பொட்டு வைத்து எண் எழுதுக. அதே எண்ணின்கீழ்க் குறிப்பேட்டில் கல்லின் பெயர், கிடைத்த ஊர், நாள், தந்தவர் ஆகியவற்றை எழுதுக.

பயன் என்ன?

கடின நீரை மென்னீராக்கவும் சலவைத் தூளிலும் ஜியோலைட் பயன்படுகிறது. 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது மூச்சுத் திணறியவர்களுக்கு ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் உதவியதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனைச் செல்லவிடுவது அக்கருவியினுள் இருக்கும் செயற்கை ஜியோலைட் மணிகளே! வெறுங்கல் என்று இனியும் சொல்லலாமா?

நான் கற்ற பாடம்

இனி என் கற்களின் கதைக்கு வருகிறேன். பிரஷ் பட்ட ஒகனைட் உருண்டை, நனைந்த பூனைக்குட்டியின் மயிர்போல் ஒட்டிக்கொண்டு பாழாயிற்று. மற்ற நான்கின் பெயர்களை அறிவியல் சிஸ்டரின் உதவியோடு சோதித்துக் கண்டுபிடித்தேன். ஆனால் அவை கிடைத்த ஊர்கள்? எறிந்த சீட்டுகளில் அல்லவா இருந்தன! மாமாவைக் கேட்டேன். “பல வருஷமா ஒவ்வொண்ணா வாங்கினது பாப்பா. எது எந்த ஊருன்னு அந்தச் சீட்டுல மட்டும்தான் இருந்தது” என்றார். அவர் கோபிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பள்ளிக் கண்காட்சி வந்தது. கற்களின் முன் வைக்க அட்டை எழுதினேன். ‘கிடைத்த இடம்’ என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. “நாசிக்குன்னு போட்டுடுடி, யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் தோழி. எழுதியிருந்தால் அட்டை அழகாகத்தான் இருந்திருக்கும். சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். “பெயரை நீ சோதிச்சுப் பார்த்து எழுதினே. ஊரை எதை வச்சும்மா எழுதப் போறே?” என்று மட்டும் கேட்டார்கள். நான்கு அட்டைகளிலும் ‘இடம் தெரியவில்லை’ என்று எழுதினேன். பார்த்தவர்களில் சிலர் காரணம் கேட்டார்கள். வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாக இறைவன் இருளில் வளர்த்த படிகத்தை ஒரே மாலைப்பொழுதில் நான் கெடுத்தேன். மன்னிப்புக் கேட்டாலும் அந்த இழைகள் நிமிரப்போவதில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதும்போது, இன்னொரு பிழை சேராமலாவது காக்கலாம் அன்றோ?

சென்ற மாதம் மாமா மீண்டும் ஒரு ஸ்டில்பைட் அனுப்பியிருந்தார். டப்பாவைத் திறந்ததும் கல்லைப் பார்ப்பதற்கு முன் சீட்டைத்தான் படித்தேன். அதன்பின் கையைத் துடைத்துக்கொண்டு கல்லை எடுத்தேன்.