ஜாவாவில் ஜெனரிக் அரே உருவாக்குவது எப்படி?

சொந்தமாக ஒரு ஸ்டாக் கிளாஸ் எழுதுகிறீர்கள். அதற்குள் டி வகை அரே வேண்டும். நியூ டி[10] என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. 2004இல் ஜாவா 5 உடன் வந்த ஜெனரிக்ஸில், டி எந்த வகை என்ற விவரம் கம்பைல் ஆனதும் அழிந்துவிடுகிறது. அரேயோ புரோகிராம் ஓடும்போதும் தன் வகையை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரிங் அரேயை ஆப்ஜெக்ட் அரே என்று சொல்லி அதில் ஓர் இன்டிஜரைத் திணித்துப் பாருங்கள், அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் வரும். இரண்டும் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

முதலில், அரே கட்டாயம் வேண்டுமா என்று யோசியுங்கள். அரேலிஸ்ட் போதுமென்றால் வேலை முடிந்தது. பெரும்பாலும் அது போதும்.

போதாதென்றால், அரே கிளாஸை விட்டு வெளியே போகுமா என்று பாருங்கள். போகாதென்றால் (டி[]) நியூ ஆப்ஜெக்ட்[10] என்று காஸ்ட் செய்யலாம். 'அன்செக்ட்' எச்சரிக்கை வரும். ஃபீல்டை பிரைவேட் ஆக்கி, புஷ் வழியாக டி மட்டுமே உள்ளே வருகிறது என்று உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு சப்ரஸ்வார்னிங்ஸ் போடுங்கள். அதையும் கிளாஸின் தலையில் போடாதீர்கள். வேறு உருப்படியான எச்சரிக்கைகளும் சேர்ந்து மறைந்துவிடும். அரேயை ஒரு லோக்கல் வேரியபிளாக அறிவித்து, அந்த வரிக்கு மேல் போட்டால் போதும்.

ஒரு பொறி உண்டு. டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள் என்று வரம்பு வைத்திருந்தால், மேலே சொன்ன காஸ்ட் ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷனில் விழும். டி அழிந்து நிற்பது கம்பேரபிளாக என்பதால், அங்கே நியூ கம்பேரபிள்[10] எழுத வேண்டும்.

அரேயை வெளியே தரவேண்டி வந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. வாங்குபவர் அதை ஸ்ட்ரிங்[] வேரியபிளில் வைத்ததும், காஸ்ட்டே எழுதாத அவருடைய வரியில் பிழை வெடிக்கும். காரணம் தேடி அவர் திண்டாடுவார். எனவே வகையை அவரிடமே கேட்டு வாங்குங்கள். பழைய வழி, கிளாஸ் ஆப்ஜெக்ட்டை வாங்கி அரே.நியூஇன்ஸ்டன்ஸ் அழைப்பது. ஜாவா 8 முதல் இன்ட்ஃபங்ஷன் பாராமீட்டர் வைக்கலாம். அழைப்பவர் ஸ்ட்ரிங்[]::நியூ என்று தந்தால் போதும். ஜாவா 11இல் கலெக்‌ஷனின் டூஅரேயும் இதே வடிவத்தை ஏற்றது. எனக்கு இதுவே பிடிக்கும்.

ஸ்ட்ரிங் லிஸ்ட்களின் அரே வேண்டுமென்று தோன்றினால், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் வைத்துவிடுங்கள். அரேதான் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.