உயர்தர வகுப்பில் எது கடினம்?

உயர்தர வகுப்பில் ஒரு பாடத்தைக் "கஷ்டம்" என்று சொல்லும்போது இரண்டு விடயங்களை ஒரே சொல்லால் குறிக்கிறோம். எழுதவும் மனனம் செய்யவும் நிறைய இருப்பது ஒன்று. சொல்லப்பட்ட காரணம் முடிவைத் தாங்குகிறதா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டியிருப்பது மற்றது. முதலாவது வெறும் பாரம். மூளைக்கு வேலை தருவது இரண்டாவதுதான்.

கலைப்பிரிவில் கற்கும் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தையே எடுப்போம். இந்த வாதத்தைப் பாருங்கள்:

வன்னிக் குளங்கள் எல்லாம் ஓகஸ்ட் மாதத்தில் வற்றுவன. வவுனிக்குளம் வன்னிக் குளம். ஆகவே வவுனிக்குளம் ஓகஸ்ட் மாதத்தில் வற்றும்.

வாதம் வாய்ப்பானதே. எடுகூற்றுகளை ஏற்றுக்கொண்டால் முடிவை மறுக்க முடியாது. ஆனால் முதலாம் எடுகூற்று உண்மையா? பாலியாற்று நீரைத் தேக்கும் அவ்வளவு பெரிய குளம், ஊர்க்கோடிச் சிறுகுளம் போல வருடாவருடம் வற்றிவிடுமா? விடை கொப்பியில் இல்லை. அந்தக் குளத்து நீரில் வயல் செய்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதே பாடத்தில் கார்ள் பொப்பரும் வருகிறார். எத்தனை வெள்ளை அன்னங்களைக் கண்டாலும் "அன்னங்கள் எல்லாம் வெள்ளை" என்பது நிரூபணமாகாது. அதைப் பொய்ப்பிக்க ஒரு கறுப்பு அன்னம் போதும். வெள்ளை அன்னத்தையே கண்டு பழகிய ஐரோப்பியரில் டச்சு மாலுமிகள் சிலர் 1697இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைக் கண்டார்கள். எந்தக் கொள்கையையும் சோதனைக்கு உட்படுத்தச் சொன்ன பொப்பரை நாம் ஐந்து குறிப்புகளாகப் பாடமாக்குகிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதற்கு மாணவிகளை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படுகிறது. அதை அறிந்த பிள்ளை "ரீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்றுதான் முதலில் கேட்பாள். ஒரு பாடவேளை விவாதத்தில் போனால் குறிப்பு குறைந்துவிட்டதென்று எங்களில் பலர் முணுமுணுக்கிறோம். ஆனாலும் முன்பின் காணாத வாதமொன்றைத் தந்து அதன் வாய்ப்பைத் துணியச் சொல்லும் வினாவுக்கு, பாடமாக்கிய குறிப்பு உதவுவதில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கலாம். உம்மாமார் கொப்பியைப் புரட்டி, இன்று எத்தனை பக்கம் எழுதினாய் என்று பார்ப்பது வழக்கம். பக்கம் குறைந்த நாளில் பிள்ளை படிக்கவில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். வகுப்பில் எந்தக் கருத்தை மறுத்தாய், என்ன காரணம் சொன்னாய் என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் காரணம் பிழையாகவும் இருக்கலாம். அப்போது வாப்பாவும் பதிலுக்கு ஒரு காரணம் சொல்லட்டும்.