இளநரை: சாயத்துக்கு முன் பரிசோதனை

25 வயதுக்கு முன்பே முடி நரைப்பதை இளநரை என்கிறோம். மயிர்க்காலில் மெலனின் என்னும் நிறமி உற்பத்தி குறைவதால் முடி வெளுக்கிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது, நோயல்ல. வரன் பேசும்போது இதை ஒரு குறையாகச் சொல்வது நியாயமில்லை.

சிலருக்கு வைட்டமின் பி12 அல்லது இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். நரையோடு ஓயாத அசதி, கை கால் மரத்துப்போதல் இருந்தால், சாயம் வாங்கும் முன் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி12 குறைவை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் நரம்புகள் பாதிக்கப்படும். பால், முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் இச்சத்து உண்டு.

நரையை மறைப்பது அவரவர் விருப்பம். காரணத்தை அறிவது அவசியம்.