இலையின் நிறம் படத்தில் மாறினால் வைத்தியமும் மாறும்

நிலக்கடலையில் கொழுந்து இலைகள் மஞ்சளித்தால், முன்பெல்லாம் விவசாயிகள் செடியை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறி வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டு போவது வழக்கம். இப்போது செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலோ, வேளாண்மை அலுவலருக்கோ அனுப்பிவிடுகிறார்கள். மத்திய அரசு 2024 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்திலும் விவசாயி எடுத்து அனுப்பும் படத்துக்கு இடமுண்டு. பஸ் கட்டணமும் ஒரு நாள் வேலையும் மிச்சம்தான். ஆனால் செடி நேரில் போனால் அதன் நிறமும் கூடவே போகும். படம் போகும்போது அந்த உறுதி கிடையாது.

நிலக்கடலையில் இரும்புச் சத்து குறைந்தாலும் கொழுந்து மஞ்சளாகும். கந்தகச் சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். இரும்புக் குறைவில் இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் மட்டும் வெளுக்கும். கந்தகக் குறைவில் நரம்பும் சேர்ந்து இலை முழுவதும் ஒரே சீராக வெளிர்ந்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய பச்சை நரம்புதான். வெயிலில் எடுத்து வெளுத்துப்போன படத்தில் முதலில் மறைவதும் அதே நரம்புதான். படத்தைப் பார்ப்பவர் கந்தகம் என்று எண்ணி ஜிப்சம் போடச் சொல்லக்கூடும். மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது கடலைக்கு நல்லதுதான். எனினும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் வந்த இரும்புக் குறைவு அதனால் தீராது. அங்கே மண்ணில் இரும்பு இருந்தும் செடி எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அன்னபேதி உப்பை இலை வழியாகத் தெளிப்பதே வழி. தவறான யோசனையால் பணத்தோடு பத்துப் பதினைந்து நாட்களும் வீணாகும். கடலையில் பூவும் விழுதும் இறங்கும் பருவத்தில் அந்த நாட்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

படம் ஏன் வெளுக்கிறது? கேமராவுக்குக் கடலை இலை எது, மண் எது என்று தெரியாது. தன் முன் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதே அதன் வேலை. கரிசல் மண்ணைப் பின்னணியாக வைத்து இலையை எடுத்தால், இருட்டாக இருக்கிறது என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இலை வெளுக்கும். வெள்ளை வேட்டி மேல் வைத்து எடுத்தால் குறைத்துவிடும், இலை கருக்கும். ஒரே செடியின் இலைதான், நிலத்தில் ஒரு நிறம், வேட்டியில் ஒரு நிறம்.

இதைச் சரி செய்வது கடினமல்ல. பெரும்பாலான செல்போன்களில் திரையில் தெரியும் இலையின் மீது விரலால் தொட்டால், அந்த இலைக்கு ஏற்ப வெளிச்சம் அமையும். பக்கத்தில் சூரியன் போன்ற சிறு குறி தோன்றும். அதை மெல்லக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். நரம்பு தெளிவாகத் தெரியும் வரை குறைத்து எடுக்க வேண்டும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. மங்கலான படத்தைப் பிறகு ஓரளவு தெளிவாக்கலாம். வெளுத்துப்போன இடத்தில் எதையும் மீட்க முடியாது. உப்புக் குறைந்த குழம்புக்கு உப்புச் சேர்க்கலாம், கூடியதை எடுக்க முடியுமா?

நெல்லுக்குத் தழைச்சத்து இட இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தும் விவசாயிகளுக்கு நிழலின் அருமை தெரியும். நேர் வெயிலில் இலையை அட்டையோடு ஒப்பிடக்கூடாது, உடலின் நிழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்பது அந்த அட்டைக்குரிய விதி. படத்துக்கும் அதே விதிதான். வெயிலில் இலையின் மேல் தோல் மினுங்கி வெள்ளையாகத் தெரியும். காலை 8 மணி முதல் 10 மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தம் நிழல் இலை மீது விழும்படி எடுப்பது நல்லது. அடர்ந்த மரத்தடி நிழல் வேண்டாம். தழைகளின் ஊடே வரும் வெளிச்சம் இலைக்கு இல்லாத பச்சையைக் கொடுக்கும். கருப்புக் குடை பிடிக்கலாம்; பூப்போட்ட வண்ணக் குடை கூடாது. மாலை வெயிலில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் மஞ்சள் நோய்க்குப் படம் எடுப்பது வீண் வேலை.

இலைக்குப் பக்கத்தில் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, இலையும் தாளும் சேர்ந்து தெரிய எடுப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் இலையின் மஞ்சளையும் அந்த அளவுக்கு நம்பக்கூடாது என்பதைப் பார்ப்பவர் உடனே அறிந்துகொள்வார். தாள் முழு வெள்ளையாக, சுருக்கம்கூடத் தெரியாமல் பளபளத்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று பொருள்.

வாட்ஸ்அப் குழுக்களில் படம் அழகாக இருக்க வேண்டும் என்று நிறத்தைக் கூட்டி அனுப்பும் இளைஞர்கள் உண்டு. கோயில் திருவிழாப் படத்துக்கு அது பொருந்தும். நோயுற்ற பயிருக்குப் பொருந்தாது. நிறத்தை அழுத்தமாக்கும் வசதியைக் கூட்டினால் வெளிர் பச்சை கரும்பச்சையாகிவிடும்; நோயே இல்லாத பயிர் போலத் தோன்றும். சில செல்போன்கள் செடியைக் கண்டதும் தாமாகவே பச்சையைக் கூட்டிவிடுகின்றன. அந்த வசதியை நிறுத்தி வைப்பது அவசியம். படத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், தேவையில்லாத ஓரங்களை வெட்டலாம், இருட்டைச் சிறிது குறைக்கலாம், வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு மஞ்சளையோ நீலத்தையோ தணிக்கலாம். அதற்கு மேல் தொட வேண்டாம். திருத்திய படத்துடன் திருத்தாத படத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நுட்பங்கள் குறையும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

இலையின் அடிப்பக்கத்தை எடுக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடலையில் துரு நோயின் செங்காவிக் கொப்புளங்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். பின்பருவ டிக்கா இலைப்புள்ளியும் அடிப்பக்கத்தில் கருப்பாகத் தெரியும். இருட்டடித்த படத்தில் செங்காவியும் கருப்பும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால் இங்கே வெளிச்சம் போதுமான அளவு இருக்க வேண்டும். ஆக, கொழுந்து இலை ஒன்று, அடி இலையின் இரு பக்கங்கள், முழுச் செடி, வயலின் தோற்றம் என்று ஐந்து படங்களாவது தேவை. எடுக்கும் முன் செல்போனின் கேமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். வியர்வைக் கை பட்ட கண்ணாடி எல்லாப் படத்தையும் பனி மூடியதுபோல் ஆக்கிவிடும். விதைத்து எத்தனை நாள், என்ன மண், கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது, என்ன உரம் இட்டது ஆகியவற்றையும் எழுதி அனுப்புவது நல்லது. கடலையில் தண்ணீர் தேங்கினாலும் இரும்புக் குறைவு கூடும்.

இரும்புக் குறைவு என்று உறுதியானால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை அன்னபேதி உப்பை, அலுவலர் கூறும் அளவில் கரைத்து, இலை நனைய மாலை வேளையில் தெளிக்கலாம். 10 நாள் கழித்து அதே செடியை, அதே காலை நேரத்தில், அதே தாளை வைத்து மீண்டும் படம் எடுத்து முன் படத்தோடு ஒப்பிட வேண்டும். முற்றிலும் வெளுத்துவிட்ட பழைய இலைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதிதாக வந்த கொழுந்து பச்சையாக இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு படங்களையும் சேர்த்து அலுவலருக்கு அனுப்பிவிட்டு, மறுமுறை தெளிப்பதா என்று கேட்டுக்கொள்ளலாம்.